வீடு எந்தக் காலத்துக்குரியது?

ஒரு வீடு எந்தக் காலத்துக்குரியது என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு எளியதாகவே தோன்றும். கட்டிய ஆண்டைக் கூறிவிட்டால் விடை முடிந்தது என்பர். தலைமுறை தலைமுறையாக மனிதர் குடியிருந்து மாற்றியமைத்த வீட்டுக்கு இவ்விடை பொருந்துமா? இங்கிலாந்தின் கிழக்குச் சசெக்ஸில், நோர்தியம் என்னும் ஊரிலுள்ள கிறேற் டிக்ஸ்ரர் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் வீடுகளுள் ஒன்று.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரச்சட்டங்களால் எழுப்பப்பட்ட பெருங்கூடமே அதன் உயிர்நிலை. அக்காலத்துக் கூடங்களில் தரையின் நடுவே தீ எரியும். புகை மேலெழுந்து கூரைவழியே வெளியேறும். ஆகவே தரைக்கும் கூரைக்குமிடையே தளம் அமைத்தல் இயலாது. புகைபோக்கி பரவியபின் அத்தடை நீங்கிற்று. உயர்ந்த கூடங்கள் இடைத்தளங்களாற் பகுக்கப்பட்டுத் தனியறைகளாயின. டிக்ஸ்ரரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தலைவனும் பணியாளரும் ஒரே கூடத்தில் உண்ட வாழ்வு மறைந்து, கதவடைத்து வாழும் வாழ்வு தோன்றியமைக்கு அத்தளங்கள் சான்றாயிருந்தன.

1910இல் இவ்வீட்டை வாங்கிய நதானியல் லொயிட், அதனைப் புதுப்பிக்கும் பணியை எட்வின் லட்யன்ஸிடம் ஒப்படைத்தார். பின்னாளிற் புதுதில்லியின் அரசமாளிகையை வகுத்த கட்டடக்கலைஞர் இவரே. இவர் இடைத்தளங்களை அகற்றிக் கூடத்துக்குப் பழைய உயரத்தை மீட்டளித்தார். கென்ற் மாவட்டத்துப் பெனென்டனில் அழிவை எதிர்நோக்கி நின்ற மற்றொரு மரச்சட்ட வீட்டைப் பிரித்துக் கொணர்ந்து இதனோடு சேர்த்தார். தம் காலத்துப் புதிய பகுதியொன்றையும் கட்டினார்.

இச்செயல் அறமானதா? வில்லியம் மொறிஸ் முதலியோர் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியது, இத்தகைய மீட்பை எதிர்த்தற்கே. பிற்காலத்தார் செய்த மாற்றங்களும் கட்டடத்தின் வரலாறே என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தின்படி, இடையே வாழ்ந்த பெயரறியா மாந்தரின் சுவடுகளை லட்யன்ஸ் அழித்துவிட்டார்.

தளம் அமைத்தவர்களும் பழைய கூடத்தைச் சிதைத்தவர்களே எனலாம். உண்மைதான், ஆயின் அவர்கள் தம் வாழ்க்கைத் தேவைக்காக மாற்றினர், கடந்த காலத்தைத் திருப்பித் தந்ததாக உரிமை பாராட்டினாரல்லர். லட்யன்ஸின் புதிய பகுதியும் அத்தகையதே. மீட்கப்பட்ட கூடமோ தன்னை 15ஆம் நூற்றாண்டாகக் காட்டிநிற்கின்றது. அந்நூற்றாண்டின் உயரத்தை விரும்பியவர்கள் அதன் புகையை விரும்பவில்லை! பெனென்டன் வீட்டின் நிலை வேறு. அதனைப் பெயர்த்திராவிடின் அது விறகாகியிருக்கும். நிலத்தை இழந்ததெனினும் மரம் எஞ்சியது. அங்கே கொள்கைத் தூய்மை பேசுவது வீண்.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. லட்யன்ஸின் பணியும் இன்று நூறாண்டு கடந்துவிட்டது. இடைத்தளங்களை மீண்டும் அமைக்க ஒருவர் முற்படின், மொறிஸின் கொள்கையே அவரைத் தடுக்கும். அன்று தவறெனப்பட்டது, காலம் கடந்ததனாலேயே காக்கத்தக்கதாகிவிடுமா? ஆம் என்றால், அழித்தவனுக்கு வேண்டுவது பொறுமை ஒன்றே. இல்லை என்றால், எந்தப் பழமையும் தன் பிறப்பின் நியாயத்தை நிறுவியே நிலைபெற வேண்டும்.

இவ்வீட்டிலேயே 1921இற் பிறந்து, 2006இல் மறையும்வரை இதனைத் தன் இல்லமாகக் கொண்டவர் நதானியலின் மகன், தோட்டக்கலை எழுத்தாளர் கிறிஸ்ரோபர் லொயிட். லட்யன்ஸ் வகுத்த ரோசாத் தோட்டத்தை 1990களின் தொடக்கத்தில் அவர் பிடுங்கியெறிந்தார். பலர் திகைத்தனர். ரோசா நின்ற இடத்தில் அவர் வாழை நட்டார்.