பழனிக்கு நடக்கப் போறோம், மேனேஜர்கிட்ட என்ன சொல்றது?

ஓம் சரவணபவ!

தைப்பூசம் நெருங்கினாலே நம்ம திருச்சி பசங்க மத்தியில் ஒரு பேச்சு வரும். பழனிக்கு நாலைந்து நாள் நடக்கணும், கேட்டா லீவு தரமாட்டாங்க, அதனால "காய்ச்சல்"னு ஒரு மெசேஜ் போட்டுட்டு கிளம்பிடலாமா? முருகனுக்காகத்தானே, தப்பில்லை என்பவர்கள் நிறைய பேர். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மலைக்கோட்டை தாயுமானவர் கதை நமக்கெல்லாம் தெரியும். மகளின் பிரசவத்துக்கு வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். தகவல் சொல்ல வழியில்லை. வலியில் துடித்த ரத்னாவதிக்கு ஈசனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். சின்ன வயதில் கேட்டபோது அவர் கருணை மட்டும்தான் தெரிந்தது. வேலைக்குப் போன பிறகு இன்னொன்றும் தெரிகிறது: ஒருத்தர் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது வந்து நின்றே ஆகவேண்டும். நம்ம டீமில் அப்படி நிற்கப்போவது பக்கத்து சீட்டு பையன். ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது உடைந்தால், நாம் எழுதிய கோடை முதல்முறையாகத் திறந்து பார்த்து முழிப்பது அவன்தான்.

அந்தத் தாயிடம் போன் இல்லை. நம்மிடம் இருக்கிறது. தைப்பூசம் என்றைக்கு என்பதும் வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரில் இருக்கிறது. ஆனால் காய்ச்சலை மூன்று வாரம் முன்னாடி சொல்ல முடியாதே! அன்று காலையில்தான் சொல்ல முடியும். அந்தப் பொய்யை முடிவு செய்த நிமிஷமே, வேலையை ஒழுங்காக ஒப்படைக்கிற வழியும் அடைபட்டுப் போகிறது. அடுத்த மாதம் உண்மையாகவே டெங்குவில் படுத்தவனையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். (மணப்பாறையிலிருந்து ஸ்டேட்டஸ் வைத்து மாட்டிக்கொள்பவர்கள் தனி ரகம்.)

காய்ச்சல் என்றால் தலையாட்டி, கோவில் என்றால் முகம் சுளிக்கிற மேனேஜர்களும் உண்டு. இந்தப் பொய்யில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பேன். 1947-ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே நோய்க்கு 12 நாள் வரை, மற்ற நியாயமான காரணங்களுக்கு 12 நாள் வரை என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்பிக்கணும் என்றும் இல்லை. "சொந்த விஷயமா வெளியூர் போறேன்" என்பதில் கொஞ்சம் மறைப்பு இருக்கலாம், பொய் இல்லை.

ஸ்ரீரங்கத்து நண்பர்களுக்கு வேறொரு சிக்கல். வைகுண்ட ஏகாதசிக்கு கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகும். அதெல்லாம் அரசு அலுவலகம், பள்ளி, கல்லூரிக்கு. நம்ம கம்பெனிக்கு தானாகப் பொருந்தாது. ராஜகோபுரம் பக்கம் வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு என்பது பெங்களூர் மேனேஜருக்கு எப்படித் தெரியும்? தைப்பூசமும் 2021-லிருந்துதான் தமிழ்நாட்டில் பொது விடுமுறை. நாம்தான் சொல்லணும்.

திடீரென்று நிஜமாகவே முடியவில்லை என்றால் வேலை தொடங்கும் முன் போன். எடுக்காவிட்டால் மெசேஜ். அம்மாவையோ தம்பியையோ பேச வைக்கலாம், தப்பில்லை.

போன தைப்பூசத்துக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: "சார், பழனி பாதயாத்திரை போறேன். திங்கள் முதல் வெள்ளி வரை லீவு வேணும். என் வேலையை முந்தின வாரமே முடிச்சு, டீமில் ஒருத்தருக்குக் காட்டிடறேன். பகலில் போன் பார்க்க முடியாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்ப்பேன்." மூன்று வாரம் முன்னாடியே அனுப்பினேன். ஐந்தில் நாலு நாள்தான் கிடைத்தது. மணப்பாறை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!