நடத்தை என்னும் சொல்

தமிழில் ‘நடத்தை’ என்ற சொல் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் பொருள்படுகிறது. ஆணைப் பற்றிச் சொன்னால் அவன் நடந்துகொண்ட விதம். பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவளுடைய உடல். ‘நடத்தை கெட்டவன்’ என்று எவனையும் ஊர் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. ஆகவே ஓர் அமைப்பு நடத்தை விதிகள் வகுக்கிறது என்றால், அவை யாரை, எதுவரை பின்தொடரும் என்றே நான் முதலில் கேட்கிறேன்.

என் மாணவிகள் சிலர் இன்று கட்டற்ற மென்பொருள் குழுக்களில் சேர்கிறார்கள். பல நாட்டவர் சேர்ந்து பொதுவில் நிரல் எழுதும் குழுக்கள் அவை. 2014-இல் கோரலின் அடா எம்கீ எழுதிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற விதித்தொகுப்பைப் பல குழுக்கள் ஏற்றன. 2018-இல் லினக்ஸ் கெர்னலும் ஏற்றது. குழுவின் வெளிகளிலும், குழுவின் சார்பில் ஒருவர் பேசும் பொது இடங்களிலும் அது செல்லும். அதற்கு அப்பால்? 2015-இல் ‘ஓபல்’ திட்டத்தில் இக்கேள்வி வெடித்தது. குழுவில் ஒருவர் தன் சொந்த ட்விட்டர் பக்கத்தில் திருநர்களுக்கு எதிராக எழுதினார். அவர் நீடிக்கலாமா என்று எம்கீ கேட்டார். அது திட்டத்துக்கு வெளியே நடந்தது என்று மறுப்பு வந்தது.

‘வெளியே நடந்தது’ என்பது நமக்குப் பழகிய பதில். 1992-இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அரசுப் பணியைச் செய்ததற்காக பன்வாரி தேவி வன்புணர்வுக்கு ஆளானார். அது எந்த அலுவலகத்துக்குள்ளும் நடக்கவில்லை. அதிலிருந்து எழுந்த போராட்டமே 1997-இன் விசாகா தீர்ப்புக்கும், பின்னர் 2013-இன் சட்டத்துக்கும் வழிவிட்டது. வேலையின் பொருட்டுச் செல்லும் இடமும், முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் அச்சட்டப்படி பணியிடம்தான். கலவையிலிருந்து விடியலில் ஷூ கம்பெனி வண்டி ஏறும் பெண்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. உடல் ஆலைக்கு வெளியேதான் கிடைத்தது. பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியதால் 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஆலை நிர்வாகமும் அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம்மும் அதில் கையெழுத்திட்டன.

அப்படியானால் விதி எங்கும் செல்லட்டும் என்று சொல்லிவிடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. எல்லையில்லாத விதியில் நாம் ஏற்கெனவே வாழ்கிறோம். மகள் யாரோடு பேசினாள், எந்தச் சாதிப் பையனைக் காதலிக்கிறாள், என்ன படம் போட்டாள் என்று விடுதியும் தெருவும் உறவும் கணக்கெடுக்கின்றன. அமைப்பும் அந்த வரிசையில் சேர்ந்தால் முதலில் மாட்டுபவள் பெண்தான்.

ஆகவே என் அளவுகோல் அதிகாரம். அமைப்பு ஒருவருக்குத் தந்த அதிகாரம் எங்கெல்லாம் செல்கிறதோ, அங்கெல்லாம் விதியும் செல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணை எடுத்து இரவில் சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, அவள் வீட்டில் படுத்திருந்தாலும், ஆலையின் விஷயம்தான். அவள் தன் காதலனுக்கு அனுப்பும் செய்தியில் ஆலைக்கு வேலையில்லை.

ஓபலிலும் இதையே பொருத்துவேன். ஒருவருடைய கருத்துக்காக அவர் எழுதும் நிரலைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் அனுப்பும் நிரலை ஏற்கவும் தள்ளவும் அவருக்கு அதிகாரம் இருந்தால், அந்த எழுத்து வெளியே நின்றுவிடுவதில்லை. அவர் கைக்குத் தன் உழைப்பைக் கொடுக்கும் திருநங்கை அதைப் படித்திருப்பாள். நியாயமாகத் தீர்ப்பார் என்று அவள் எப்படி நம்புவாள்? அவர் எழுதட்டும், தீர்ப்புச் சொல்லும் இருக்கையை விட்டு இறங்கட்டும்.

இது கருத்துக்குத் தரும் தண்டனை என்று சிலர் சொல்வார்கள். அந்த இருக்கை யாருக்கும் பிறப்புரிமை அல்ல, மற்றவர்கள் நம்பிக் கொடுத்தது என்பதே என் பதில். குழுவில் சேரும் மாணவிகளிடம் நான் சொல்வதும் அதுதான்: விதியைப் படிக்கும்போது, உன் உழைப்பின்மேல் யாருக்கு அதிகாரம், அவர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்ற இரண்டையும் முதலில் தேடு.