வழி சொல்பவரும் வழி நடப்பவரும்

திருப்பூர் ரயில் நிலையத்தில், பனியன் கம்பெனி வேலையை நாடிப் பீகாரிலிருந்து வந்திறங்கும் இளைஞர்களை நாம் காண்கிறோம். அவர்களுடைய மாநிலத்தில்தான் புத்தகயை இருக்கிறது. அத்தலத்துக்கும் பிற பௌத்தத் தலங்களுக்கும் எப்படிச் செல்வதென்று திபெத்தியருக்கு எழுதிக் காட்டிய ஒருவரின் வரலாறு, சிந்திக்கத்தக்க வினாவொன்றை நம் முன் வைக்கிறது.

அவர் பெயர் கெண்டுன் சோபெல். 1903-இல் திபெத்தின் ஆம்தோ பகுதியில் பிறந்து, இளமையிலேயே துறவியாகி, லாசாவின் டிரெபுங் மடத்தில் தர்க்கம் பயின்றவர். 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலால் தமிழரும் அறிந்த ராகுல சாங்கிருத்தியாயன் 1934-இல் ஓலைச்சுவடி தேடித் திபெத் சென்றபோது, அவருக்குத் துணையாகி இந்தியா வந்தார். ராகுலரும் இலங்கையில் ஏற்ற துவராடையைப் பின்னர் களைந்தவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. இந்தியாவில் கழித்த ஆண்டுகளில் கெண்டுன் சோபெலும் துறவைக் கைவிட்டார். இந்தியப் புனிதத் தலங்களுக்கு அவர் எழுதிய வழிகாட்டி நூலை 1939-இல் கல்கத்தா மகாபோதி சங்கம் வெளியிட்டது.

ரயில் பாதையும் கட்டணமும் சொல்லும் நூல் அது. புத்தர் மறைந்த குசிநகரம் அஸ்ஸாமிலுள்ள ஹாஜோவே என்று திபெத்தியர் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தனர். கியாசுத்தீன் அவுலியாவின் அடக்கத்தலமாகிய போவா மக்கா இருப்பதும் அதே ஹாஜோவில்தான் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி. கெண்டுன் சோபெலோ, இன்றைய உத்தரப்பிரதேசத்திலுள்ள குசிநகருக்கே யாத்திரிகருக்கு வழி சொன்னார்.

தாம் விட்டுவிட்ட நெறிக்குப் பிறரை அழைத்துச் செல்ல ஒருவருக்கு உரிமை உண்டா? அமல் இல்லாத இல்மு சுமையே என்று மதரஸாவில் ஓதி வந்த நமக்கு, இல்லை என்று சொல்லிவிடவே முதலில் தோன்றும். ஆனால் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். விளக்கடியில் அவள் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆடையை அவள் உடுத்தப் போவதில்லை. கடல் கடந்த நாட்டில் எவரோ உடுத்துவார். ஆயினும் ஓட்டையைக் கண்டும் காணாதது போல் விட்டாளாயின், அமானிதத்தில் மோசம் செய்தவளாவாள். வழி கேட்டவருக்கு வழியைச் சரியாகச் சொல்வது அத்தகைய அமானிதமே. அதனை அவர் நிறைவேற்றினார். நெஞ்சில் துறவு மடிந்த பின்னும் ஆடைக்குக் கிடைக்கும் மரியாதையை உண்டு வாழ்வோர் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடையேயும் இல்லாமலில்லை. அவர்களினும் ஆடையைக் களைந்துவிட்டு வழி சொன்னவர் நேர்மையானவர் என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் ஓர் உறுத்தல் எஞ்சி நிற்கிறது. புனிதத்தை நாள்தோறும் எடுத்துச் சொல்லும் நாவு அதன் சுவையை இழந்துவிடக்கூடும். தவாபில் துஆவை ஓதிக் கொடுக்கும்போதே அடுத்த கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும் முஅல்லிம்களைப் பற்றி, ஹஜ்ஜு முடித்த பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் ஹாஜியின் ஏழு சுற்றில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த முஅல்லிமுக்கு என்ன குறைந்தது என்பதை அவரன்றி எவர் அறிவார்?

கெண்டுன் சோபெல் திபெத் திரும்பியபின் 1946-இல் லாசாவில் சிறையிடப்பட்டு, 1949-இல் விடுதலையாகி, 1951-இல் மறைந்தார். அவருடைய வழிகாட்டி நூல் பின்னரும் அச்சேறியது.