யாருமில்லாத நிலத்தில் வண்டி ஓட்டுவது

லகாட்டிலிருந்து பாப்பான் பக்கமோ பத்து காஜா பக்கமோ போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் நிலத்தைக் காட்டி "அங்க என்னா இருக்கு?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அங்க ஒன்னும் இல்ல" என்றுதான் பதில் வரும். உண்மையில் அங்கே பழைய ஈயலம்பத்து மணல் இருக்கும், லாலான் புல் இருக்கும், லம்பக் குட்டை ஒன்றில் யாரோ மீன் வளர்ப்பார்கள், அதற்கப்பால் செம்பனை வரிசை பிடித்து நிற்கும். இத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தும் வாயில் வருவது 'ஒன்னும் இல்ல'தான்.

அந்த ஒன்றுமில்லாமைக்கு இப்போது விலை வந்திருக்கிறது. கோப்பெங் பக்கம் ஏடிவி என்கிற நாலு சக்கர மோட்டாரை வாடகைக்கு எடுத்து, தோட்டத்துச் செம்மண் பாதையிலும் ஓடையிலும் சேற்றிலும் ஓட்டலாம். வெளியூரிலிருந்து நண்பர்கள் கூட்டமாக வருகிறார்கள், சேறு அப்பிய முகத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தின் இன்னொரு கோடியில், ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்பெயினின் கனாரித் தீவுகளிலும் இதே விளையாட்டு நடக்கிறது. லான்சரோட்டே என்ற எரிமலைத் தீவில், கறுத்த சாம்பலும் பாறையுமான வெளியில், 'பக்கி' என்ற திறந்த வண்டியில் சுற்றுலாப் பயணிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறார்கள். நிலவில் ஓட்டுவது போல இருக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. நிலவில் ஆள் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"ஆளே இல்லாத எடத்துல நான் என் காசு குடுத்து வண்டி ஓட்டுறேன். இதுல யாருக்கு என்னா நட்டம்?" இந்தக் கேள்வியை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. இது நியாயமான கேள்வி. தத்துவத்தில் இதற்கு ஒரு அண்ணன் கேள்வி உண்டு.

1973-இல் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் ரிச்சர்ட் ரூட்லி ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகத்தில் மனிதர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், ஒரே ஒருவன் மிஞ்சியிருக்கிறான். சாகும் முன் அவன் கைக்கெட்டிய மரம், செடி, விலங்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறான். எந்த மனிதனுக்கும் இதனால் நட்டமில்லை. அவன் செய்தது தப்பா? தப்பு என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும். ஆனால் இன்னொரு மனிதனுக்குத் தீங்கு வந்தால்தான் தப்பு என்று பழகிய அறத்தை வைத்துக்கொண்டு அது ஏன் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் புதிய அறம் ஒன்று தேவைப்படலாம் என்பது ரூட்லியின் வாதம்.

அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் நம் ஊருக்கு அதைக் கொண்டுவரும்போது வேறொரு இடத்தில் இடிக்கிறது. ரூட்லியின் கதையில் உலகம் காலியாகிவிட்டது என்பது கதைசொல்லி நமக்குத் தரும் உத்தரவாதம். அதை நாம் சரிபார்க்க வேண்டியதில்லை. நிஜத்தில் அந்த உத்தரவாதத்தைத் தருவது யார்? பக்கியில் உட்கார்ந்திருப்பவன் கடைசி மனிதன் கிடையாது. தன்னைக் கடைசி மனிதன் என்று நினைத்துக்கொள்ள அரை நாளைக்குக் காசு கட்டியவன். காலியான நிலத்தில் என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு முன்னால், இது காலி என்று யார் சொன்னது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

லான்சரோட்டேயையே எடுத்துக்கொள்வோம். 1730 செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே நிலம் பிளந்து நெருப்பு கக்கத் தொடங்கியது. 1736 ஏப்ரல் வரை அது ஓயவில்லை. தீவின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு லாவாவுக்கு அடியில் போனது. யைசா என்ற ஊரின் பாதிரியார் தன் கண்ணால் பார்த்ததைக் குறித்து வைத்ததால் அந்த ஆண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிகிறது. வயலும் வீடும் போய் மக்கள் தீவை விட்டுக் கிளம்பினார்கள். இன்று அந்த எரிமலைப் பகுதி திமன்ஃபாயா தேசியப் பூங்கா, 1974-இல் அறிவிக்கப்பட்டது. திமன்ஃபாயா என்பது லாவா மூடிய ஒரு கிராமத்தின் பெயர். நிலவைப் போல இருக்கிறது என்று பயணிகள் வியக்கும் வெளியின் கீழே ஓர் ஊர் இருக்கிறது.

மேலேயும் அது காலியில்லை. மழை மிகக் குறைவான அந்தத் தீவில், உறைந்த லாவாவின் மேல் முதலில் குடியேறியது லைக்கன். பாறைமேல் சாம்பல் பூத்தது போலத் தெரியும் சின்ன உயிர். கிட்டத்தட்ட 300 ஆண்டுகளாகியும் அது இன்னும் பாறையை மண்ணாக்கும் வேலையின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் ஒரு நொடியில் கலைப்பது மீண்டும் வர ஒரு ஆயுள் பற்றாது. அதனால்தான் பூங்காவின் நடுப்பகுதியில் பயணிகள் இஷ்டத்துக்கு இறங்கி நடக்கக்கூட முடியாது. குறித்த பாதையில் பேருந்தில் போய்த் திரும்ப வேண்டும். பக்கிகள் பூங்காவுக்கு வெளியே உள்ள மண் பாதைகளோடு நிற்க வேண்டும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1942 முதல் 1944 வரை ராணுவம் பயிற்சிக்கு ஓட்டிய டாங்கிகளின் தடம் இன்றும் தெரிகிறது. வறண்ட நிலம் எதையும் மறப்பதில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பாலைத் திணை ஞாபகம் வந்தது. தொல்காப்பியம் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் சொல்கிறது, பாலைக்கு மட்டும் சொல்வதில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அப்படிப் பார்த்தால் பாலை என்பது ஓர் இடத்துக்கு நேர்ந்த கதி. அதைப் பார்க்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி, 'இதுக்கு என்னா ஆச்சு?' சங்கப் பாடல்களில் பாலை வழியே நடப்பவன் பொருள் தேடிப் பிரிந்து போகிறவன். வழியில் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் நிற்கும், அவன் அவற்றைக் கடந்து போவான். இன்று அதே மாதிரி நிலத்துக்குள் பொருளைச் செலவழிக்க வருகிறோம். நடுகல் மட்டும் இல்லை.

கிந்தாப் பள்ளத்தாக்கின் பாலைக்கு என்ன ஆயிற்று என்று சொல்வது கடினமில்லை. ஈயத்தாது இங்கே ஆற்று வண்டலில் கலந்து கிடந்தது. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து மரச் சட்டங்களின் வழியே ஓடவிட்டால், கனமான தாது அடியில் தங்கும். மீதியெல்லாம் கழிவு. களியும் மக்கும் சேறாக ஒரு பக்கம் போக, வெள்ளை மணல் இன்னொரு பக்கம் குவியும். அந்த மணலில் தண்ணீர் நிற்காது, வெயிலில் கால் வைக்க முடியாது. தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் 1938-ஆம் ஆண்டு ஈயக்கப்பலைப் பார்த்தவர்களுக்கு, எவ்வளவு பெரிய வாய் இந்த மண்ணைத் தின்றது என்பது புரியும். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயம் விழுந்தது. லம்பங்கள் மூடின, மணல் மிஞ்சியது. நாம் அதற்கு 'ஒன்னும் இல்ல' என்று பெயர் வைத்தோம்.

தோட்டங்களின் கதை வேறு மாதிரி. அங்கே மண் போகவில்லை, ஆள் போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாகின, வீடமைப்புப் பகுதிகளாகின. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த லயம் சொந்தமில்லை; வேலை இருக்கும் வரைதான் வீடு. இன்று ஏடிவி ஓடும் செம்மண் பாதை தானாக வந்ததில்லை. விடியும் முன்னே பெரட்டுக்கு நின்று, பிறகு மரம் வெட்டி, காண்டா கம்பில் பால் வாளி சுமந்து போனவர்களின் கால் போட்ட பாதை. பத்து காஜா பக்கம் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை இன்று நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம். 1926-இல் லிஸ்பனில் இறந்துபோன அந்தத் துரையின் வாழ்க்கை நமக்கு வருட வாரியாகத் தெரியும். அதைக் கட்டிய தமிழர்கள் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் செத்தார்கள். அவர்கள் கேட்டு வாங்கிய மாரியம்மன் கோயில் மட்டும் அவர்களுக்குச் சாட்சியாக நிற்கிறது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சவாரியில் வழிகாட்டியாக வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "இது எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்டேன். "பழைய எஸ்டேட்டுண்ணே, இப்ப ஒன்னும் இல்ல, கெட்டியா புடிச்சிக்குங்க" என்றான். எல்லாம் முடிந்து வண்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னான்: "எங்க பாட்டி இங்கதாண்ணே மரம் வெட்டுனாங்க. தொர மோட்டார்ல வந்தா ஓரமா எறங்கி நிக்கணுமாம். இப்ப நான் நடு ரோட்டுல ஓட்டுறேன்." சிரித்தான்.

ஏடிவிக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களில் இதைவிட வலுவானது இல்லை. இந்த நிலத்தில் நமக்கு வேலை இருந்தது, விளையாட்டு இருந்ததில்லை. பாட்டி ஒதுங்கி நின்ற பாதையில் பேரன் எஞ்சினை முறுக்கிக்கொண்டு போவதில் ஒரு கணக்குத் தீர்கிறது. அதன்மேல் போய், புனிதமான இடம், மெதுவாகப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளமும் அவனுக்கு அதில்தான். அந்த இடத்தில் இன்பம் கூடாது என்று சொல்வது, அங்கே கஷ்டப்பட்டவர்களை இன்னொரு முறை கஷ்டத்தோடு மட்டுமே கட்டிப்போடுவது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த வாக்கியம் எனக்கு மட்டும் தமிழில், சவாரி முடிந்த பிறகு கிடைத்தது. பின்னால் வந்த பதினைந்து பேருக்குக் கிடைத்தது, 'ஒன்னும் இல்ல'. அவன் ஓட்டியது பாட்டியின் பாதையில். அவர்கள் ஓட்டியது காலி நிலத்தில். ஒரே சேறு, ஒரே வேகம், ஆனால் இரண்டும் ஒரே செயல் இல்லை. சக்கரம் செய்யும் கெடுதலைவிட, அந்தச் சொல் செய்யும் கெடுதல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால் காலி என்று பெயர் வாங்கிய நிலத்துக்கு அடுத்து என்ன வரும் என்பது லகாட்காரர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே புக்கிட் மேரா. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் 'ஆமாங்' கழிவில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்க ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அந்த வேலையில் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சும். அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தபோது பாப்பான் மக்கள் 1984-இல் தெருவுக்கு வந்தார்கள். புக்கிட் மேரா மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. கழிவு இன்று கிளேடாங் மலைத்தொடரில் புதைந்திருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். உண்மையிலேயே ஆள் கால் வைக்கக்கூடாத ஒரு துண்டு நிலம் நம்மிடம் இருக்கிறது. அதை எரிமலை செய்யவில்லை. எந்த நிலத்தைப் பார்த்தும் 'அங்க ஒன்னும் இல்ல' என்று சொல்லாமல், நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் அந்த ஆலை நின்றது.

ஆக, நான் கேட்பது சின்ன விஷயம். போட்ட பாதையில் ஓட்டுங்கள். பாதைக்கு வெளியே இருப்பது காலி என்று உங்களுக்குத் தெரியாது. 'இதுக்கு என்னா ஆச்சு?' என்று ஒரு முறையாவது கேளுங்கள். சவாரி நடத்துகிறவர்கள், வழிகாட்டிக்குத் தெரிந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் விடுங்கள். லான்சரோட்டேயில் லா ஹேரியா என்ற இடத்தில் விவசாயிகள் எரிமலைச் சாம்பலைக் குழிகுழியாகத் தோண்டி, அடியில் இருக்கும் பழைய மண்ணை எட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு திராட்சைக் கொடியை நட்டார்கள். காற்றுக்குத் தடுப்பாக அரைவட்டக் கல்சுவர் ஒன்றும் வைத்தார்கள். அடியில் நல்ல மண் இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அப்படித் தோண்ட முடியும்.

செம்பனைக்கு நடுவில் ஒரு மரத்தடிக் கோயில், பக்கத்தில் ஒரு கிணறு, யாரும் நடாமல் அங்கே வந்திருக்க முடியாத ஒரு முருங்கை: பேராக்கில் எந்தப் பழைய தோட்டத்திலும் இவை கிடைக்கும். ஏடிவிப் பாதைகள் அருவியில் நிற்கின்றன, படம் எடுக்கும் மேட்டில் நிற்கின்றன. முருங்கை மரத்தடியிலும் எஞ்சினை அணைக்கலாம். அந்தத் தம்பியிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.