பயணத்தில் சொகுசு: வீண் செலவா, நியாயமான செலவா?

நம் வணிகப் பெருமக்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவர், கையில் வசதி இருக்குமானால், விமானத்தில் மேல்வகுப்பில் போகலாமா? சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். அந்த நான்கு மணி நேரத்திற்காகப் பின்வரிசைக் கட்டணத்தைப்போல் சில மடங்கு கொடுப்பது அறிவுடைமையா? "சம்பாதிப்பது எதற்கு? அனுபவிக்கத்தானே!" என்கிறார்கள் ஒரு சாரார். "முன்னால் உட்கார்ந்தவனும் பின்னால் உட்கார்ந்தவனும் ஒரே நேரத்தில்தானே இறங்கப் போகிறார்கள்!" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு ஐந்தொகை போட முடியாது. இருபக்கத்தையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பயணத்தில் சொகுசு தேடுவது இக்காலத்துப் பழக்கம் என்று எண்ண வேண்டாம். 1325ஆம் ஆண்டு தாஞ்சியரைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்குப் போகக் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்துக்கு வந்தார். அங்கே நின்ற பெரிய சீனக் கப்பல்களில் வணிகர்களுக்கென்று தனியறைகள் இருந்தன. கழிப்பறையுடன் கூடிய அறைகளும் இருந்தன. அப்படியோர் அறைதான் வேண்டும் என்று அவர் கேட்டார். சீன வணிகர்கள் எல்லாவற்றையும் முன்னமே பிடித்துவிட்டார்கள். கழிப்பறை இல்லாத அறை கிடைத்தது. அது பிடிக்காமல் தம் ஆட்களையும் சரக்கையும் சிறிய கப்பலொன்றுக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது புயல் அடித்தது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய பெரிய கப்பல் உடைந்து போயிற்று. சிறிய கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. கையில் பத்து தீனாரும், விரித்துப் படுக்கும் விரிப்பும்தான் அவருக்கு மிஞ்சின.

சொகுசு தேடியதற்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. புயல் அறையின் வாடகையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தனியறையில் இருந்தவனும் தளத்தில் படுத்திருந்தவனும் ஒன்றாகவே மூழ்கினார்கள். ஆகவே சொகுசை அதன் முடிவைக் கொண்டு எடைபோட முடியாது. அதற்காக எதைக் கொடுக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்பதைக் கொண்டுதான் எடைபோட வேண்டும்.

நம் முன்னோர்களாகிய சபுராளிகள் மேல்வகுப்பில் வந்தவர்கள் அல்லர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேலே சிலருக்குக் காபின். கீழே ஆயிரக்கணக்கானவர்களுக்கு டெக். பாயும் டிரங்குப் பெட்டியும் கொண்டு டெக்கில் இடம்பிடித்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலைப் பார்த்தபடி வந்தவர்கள்தாம் இந்நாட்டில் ஒட்டுக்கடையும் மணிச்சேஞ்சர் கடையும் துணிக்கடையும் வைத்தார்கள். ஆகவே, "டெக்கில் வந்தவர்கள் கட்டிய கடையில் உட்கார்ந்துகொண்டு காபினில் போவதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

உருக்கமான கேள்விதான். ஆனால் டெக்கில் வந்தவர்களில் பெரும்பாலோர் சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். காபினுக்குப் பணமில்லை, அவ்வளவுதான். வேறு வழி இருந்தும் எளிமையைத் தேர்ந்தவரைப் பார்க்க வேண்டுமானால் காந்தியடிகளைப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்பு ரயிலில் பயணம் செய்த அவர், 1917இல் அதைப்பற்றி எழுதியபோது எளிமையின் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெட்டிகளின் அழுக்கையும் நெரிசலையும் பயணிகள் படும் அவமதிப்பையும்தான் எடுத்துச் சொன்னார். குறைந்த கட்டணம் கொடுக்கிறவனும் மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. எளிமை வேறு, இழிவு வேறு. முன்னோர் பட்ட துன்பத்தைக் காட்டிப் பின்னோரும் படவேண்டும் என்பது சிக்கனமன்று.

இனி, மேல்வகுப்பில் பணம் கொடுத்து நாம் வாங்குவதுதான் என்ன? நான்கு பொருள்கள்: நேரம், உடல்நலம், இடம், அந்தஸ்து.

முதலாவது நேரம். ஒரு காலத்தில் நேரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தது. ஒலியைவிட விரைவாகப் பறந்த கன்கார்டு விமானம் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போய்விடும். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கும் 1977 டிசம்பரில் அது வந்தது. மூன்று தடவை போய்வந்ததும் மலேசிய வான்வழிக்கு அனுமதி கிடைக்காமல் நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கி 1980இல் முடிந்தது. 2003இல் கன்கார்டே ஓய்வுபெற்றுவிட்டது. இன்று எவ்வளவு கொடுத்தாலும் பயணிகள் விமானத்தில் அந்த வேகம் கிடைக்காது. மேல்வகுப்பில் மிச்சமாகும் நேரம் வரிசையில் நிற்கும் நேரம் மட்டுமே.

இரண்டாவது உடல்நலம். முழங்கால் வலி உள்ளவருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும், எழுபது வயது கடந்த உம்மாவுக்கும் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைப்பது ஆடம்பரமன்று, மருந்து போன்றது. இரவெல்லாம் பறந்து, காலையில் இறங்கியதும் பெரிய கொள்முதல் பேசவேண்டிய வணிகருக்கும் உறக்கம் ஒரு முதலீடுதான். உறக்கமில்லாத கண்ணோடு விலை பேசி அவர் இழப்பது, டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இருக்கலாம்.

மூன்றாவது இடம். 2007 அக்டோபர் 25ஆம் நாள் ஏ380 என்னும் இரட்டைத்தள விமானம் முதன்முறையாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. அந்த விமானத்தில் 471 இருக்கைகள். அவற்றில் தனியறை வகுப்பு 12, வணிக வகுப்பு 60, மற்றவை 399. பன்னிரண்டு பேருக்குக் கதவுள்ள அறையும், 399 பேருக்கு முழங்கால் இடிக்கும் இருக்கையும். ஆனால் ஒரே சக்கரம், ஒரே நேரத்தில் தரையைத் தொட்டது. அந்த முதல் பயணத்தின் இடங்கள் ஏலத்தில் விடப்பட்டன. தனியறை வகுப்பில் இரண்டு இடங்களுக்கு ஒருவர் 100,380 அமெரிக்க டாலர் கொடுத்தார். வரவு முழுவதும் தர்மக் காரியங்களுக்குப் போயிற்று. அந்தத் தொகையை வீண் செலவு என்பதா, கொடை என்பதா? கொடுத்தவரின் நிய்யத்தைத் தெரியாமல் தொகையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நம்மால் இயலாது. பிறர் செலவைப்பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

நான்காவது அந்தஸ்து. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. "நான் மேல்வகுப்பில் போனது யாருக்குமே தெரியாது; சொல்லவும் முடியாது, படம் பிடித்து அனுப்பவும் முடியாது என்றால், அப்போதும் இந்தப் பணத்தைக் கொடுப்பேனா?" கொடுப்பேன் என்றால் அவர் வாங்குவது உறக்கமோ ஓய்வோதான். கொடுக்கமாட்டேன் என்றால் அவர் வாங்குவது பிறருடைய கண்களை. அந்தச் சரக்கு விமானம் தரையிறங்கும் முன்னே விலையிழந்துவிடும்.

இதுவரை சொகுசுக்காரரை விசாரித்தோம். சிக்கனக்காரரும் கூண்டில் ஏறவேண்டும்.

2001இல் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியா நிறுவனம் ஒரு வெள்ளி என்ற பெயரளவு விலைக்குக் கைமாறியது. இரண்டே விமானங்களுடன் தொடங்கிய அந்த மலிவுக்கட்டணச் சேவை பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்முகம் பார்த்த கடைச் சிப்பந்தியும் பெருநாளுக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை பிறந்தது. இது பெரிய நன்மை. எந்தத் தனியறையும் இதற்கு ஈடாகாது. ஆனால் மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக்காசு, சாப்பாட்டுக்குத் தனிக்காசு. நேரம் தவறினால் பணம் போனதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சில வேளைகளில் மலிவு மலிவாக இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. நம் சிக்கனத்தின் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றுவதுதான் அது. முதலாளி படுத்துக்கொண்டு போகிறார். இரண்டாண்டு உழைத்து விடுப்பில் போகும் சிப்பந்திக்கோ, ஐம்பது வெள்ளி குறைகிறது என்பதற்காக இரவெல்லாம் வேறொரு விமான நிலையத்தில் காத்துக்கிடக்க வேண்டிய டிக்கெட். அவருக்குக் கிடைப்பதே மூன்று வார விடுப்பு; அதில் ஒரு நாள் பெஞ்சில் கழிகிறது. மகன் வணிக வகுப்பில் பறக்கிறார். ஊரிலிருந்து வரும் வாப்பாவுக்கு மட்டும் "வயதானவர்தானே, சமாளித்துக்கொள்வார்" என்று மலிவு டிக்கெட். இது சிக்கனமன்று, கஞ்சத்தனம். தன் உடம்பில் பிடித்த மிச்சம் சிக்கனம். பிறர் உடம்பில் பிடித்த மிச்சம் கடன். அந்தக் கடனுக்கு ரசீது இல்லை என்பதால் அது இல்லாமற் போய்விடாது.

ஹஜ்ஜுப் பயணத்தையும் இங்கே எண்ணிப் பார்ப்பது பொருந்தும். முன்னாளில் மலாய்க் கிராமவாசிகள் நிலத்தையும் எருமையையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், ஹாஜியாகவும் ஏழையாகவும் திரும்பி வந்தார்கள். இதைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். 1963 முதல் அது செயலுக்கு வந்து, இன்று தாபோங் ஹாஜியாக வளர்ந்து நிற்கிறது. அந்த ஏழைகள் எந்தச் சொகுசையும் தேடவில்லை. எனினும் பயணம் அவர்களை முடக்கிற்று. ஆகவே ஒரு செலவு மிகுதியா அளவானதா என்பதை டிக்கெட்டின் வகுப்பு சொல்லாது. திரும்பி வந்தபின் குடும்பமும் தொழிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே சொல்லும். செல்வரும் வறியவரும் தைக்காத இரண்டு துணிகளில் ஒன்றாக நிற்கும் அந்த மைதானத்தில், யார் எந்த வகுப்பில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

வீண்விரயமும் வேண்டாம், கைமுடக்கமும் வேண்டாம் என்ற நடுவழியை நம் மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நடுவழி எல்லாருக்கும் ஒரே தொகையன்று. அது ஒரு வரிசை. முதலில் கொடுக்கவேண்டிய கடன். அடுத்து உழைத்தவர் சம்பளமும் அவர் ஊர்போய்வரும் வழிச்செலவும். அதன்பின் பெற்றோரின் வசதி. பிறகு ஏழை உறவினர் பங்கு. இவை முறைப்படி முடிந்தபின் கல்லாவில் மிச்சமிருந்து, உடம்பும் களைத்திருந்தால், அன்பர்களே, தாராளமாக மேல்வகுப்பில் போங்கள். யாருக்கும் அதில் குறை சொல்ல இடமில்லை. இவற்றில் ஒன்று பாக்கியிருந்தாலும் பின்வரிசையில் போங்கள். நான்கு மணி நேரம்தான். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, உங்கள் கடைப்பையனுக்கு எடுத்த டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.