களி இழிந்ததா? கண் இழிந்ததா?

தைத் திங்களில் ஒரு மாலை. தருமபுரி நகரிலே உணவு விடுதி ஒன்றின் வாயிலில் புதிய பலகை தொங்கிக் கொண்டிருந்தது: "தைச் சிறப்பு உணவுகள்." அறுவடைக் காலத்தை ஒட்டிப் பத்து வகை உணவுகளைப் புதிதாகச் சமைக்கிறார்கள் என்று கேள்வியுற்று, நாங்கள் ஐவர் சென்றிருந்தோம். ஒருவர் வங்கியிலே கணக்கர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மருந்துக்கடை நடத்துபவர், இருவர் பள்ளி ஆசிரியர். தொழிலால் வேறுபட்ட எங்களை ஒன்றாக்கியது நாக்கு! மாதம் ஒருமுறை கூடுவோம், புதிய உணவு எங்கே என்று தேடுவோம், உண்போம், நிறை குறை பேசுவோம், மகிழ்வோம்.

அன்று முதலில் வந்தது கேழ்வரகுக் களி. வாழை இலையிலே இரண்டு சிறு உருண்டைகள், உச்சியிலே ஒரு குழி, குழியிலே உருகும் நெய். பக்கத்திலே கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, வறுத்த நிலக்கடலைத் துவையல். அடுத்து, சாமைச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும். அதற்கடுத்து, கம்பங்கூழ்; சின்னஞ்சிறு மண்கலயத்திலே, வெங்காயமும் மோர்மிளகாயும் துணைவர.

"ஆகா!" என்றார் வங்கித் தோழர். "இதுவன்றோ உணவு!" என்றார் வழக்கறிஞர். நானும் புகழ்ந்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. மாவு பதமாக வெந்திருந்தது, கட்டி தட்டவில்லை, கீரையில் பூண்டின் மணம் அளவோடு நின்றது. களி மட்டும் தட்டு ஒன்றுக்கு விலை 180 ரூபாய். மகிழ்ச்சியோடு கொடுத்தோம்.

அப்போது மருந்துக்கடைத் தோழர், அவர் கோவையிலிருந்து இங்கே குடியேறியவர், களங்கமின்றி ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு சுவையான பண்டம் உங்கள் மாவட்டத்து உணவாயிற்றே! இத்தனை மாதம் கூடினோம். ஒருநாளேனும் நீங்கள் இதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே, ஏன்?"

எவரும் விடை கூறவில்லை. எனக்கு விடை தெரியும். தெரிந்ததால்தான் வாய் திறக்கவில்லை.

தோழர்களே! அந்த விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நான் கல்லூரியில் இளங்கலை படித்துக் கொண்டிருந்த காலம். விடுதியிலே பல ஊர் மாணவர்கள். "உங்கள் வீட்டில் காலையில் என்ன உணவு?" என்று கேட்டால், "இட்லி, தோசை" என்று கூசாமல் பொய் சொல்வேன். ஒருநாள் என் தாய் என்னைக் காண வந்தார். கையிலே தூக்குவாளி. விடியற்காலையில் எழுந்து, அடுப்பின் முன் நின்று, இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்துக் கிளறி, உருட்டி, மகனுக்கென்று கொண்டுவந்த களி. "இங்கே இதையெல்லாம் யாரும் தின்னமாட்டார்கள், அம்மா. எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எடுத்துக்கொண்டு போனார். பேருந்து நிலையத்தின் ஓரத்தில் அமர்ந்து தாமே அதைத் தின்றுவிட்டு ஊர் திரும்பினார் என்பதைப் பல நாள் கழித்து அறிந்தேன்.

தேடிவைத்த உணவைத் தாம் மட்டுமே தனித்து உண்பது, பிச்சை எடுப்பதைவிடக் கொடியது என்று குறளிலே கூறினார் வள்ளுவர். தனித்து உண்ண வைத்தவனை அவர் என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்?

அன்று நான் தள்ளியதும் களி. இன்று 180 ரூபாய் தந்து தழுவியதும் களி. இடையிலே மாறியது யாது?

தானியம் மாறிற்றா? இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இந்தக் கணக்கு என் தாயின் தூக்குவாளியிலும் இதுவே. விடுதியின் வாழை இலையிலும் இதுவே. பயிர் மாறிற்றா? இல்லை. மழை குறைந்த மேட்டு நிலத்திலும் தாக்குப்பிடித்து விளைவது அதன் இயல்பு. அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே. என் நாக்கு மாறிற்றா? அதுவும் இல்லை, சிறுவனாயிருந்தபோது விரும்பித் தின்ற நாக்குத்தானே இது!

மாறியது ஒன்றே: தின்பவர் யார் என்பது. உழவர் குடிசையில் தின்றபோது அது கூலிக்காரன் சோறு. ஊதியக்காரர் விடுதியில் தின்றபோது அது உயர்ந்த உணவு. அப்படியானால் நாம் இதுவரை இழிவாக எண்ணியது களியையா? அதைத் தின்ற மனிதரையே அன்றோ! தின்றவர் மீதிருந்த ஏளனம் தின்ற பொருளின் மீது படிந்தது. நமக்கு அது சுவைக் குறைவாகத் தெரிந்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததா? 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஓட்ஸ் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் அது குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்திலோ மக்களை வாழவைப்பது என்று குத்திக் காட்டினார். ஏளனம் தானியத்தின் மீதா, ஸ்காட்லாந்துக்காரர் மீதா? அந்த ஓட்ஸ் இன்று பளபளப்பான உறையிலே நம் ஊர்க் கடைக்கு வந்துவிட்டது. களியை மறைத்த என்னைப்போன்ற படிப்பாளிகளே அதைக் காலை உணவாக வாங்கி, உடல்நலம் பேணுவதாகப் பெருமையும் பேசினோம்! சென்ற நூற்றாண்டுகளின் கதை இன்னும் உண்டு. இலண்டனிலே 19ஆம் நூற்றாண்டில் சிப்பி இறைச்சி ஏழைகள் மலிவாக வாங்கித் தின்ற பண்டம். பின்னர் அது செல்வர் விருந்தாயிற்று. வட இத்தாலியின் ஏழை உழவர்கள் சோளக்களி ஒன்றையே நம்பி வாழ்ந்து, சத்துக் குறைவால் பெலாக்ரா நோய்க்கு ஆளாயினர். அதே பொலெண்டா இன்று உயர்தர உணவு விடுதிகளின் பட்டியலில் இடம்பெறுகிறது.

"சுவை அவரவர் விருப்பம். அதிலே நீதி அநீதி எங்கே வந்தது? உண்ணும் இடத்திலும் உங்கள் ஆராய்ச்சியா?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் உண்ணும் இடத்திலே ஆராய்ச்சியைக் கொண்டுவந்தவர் நாமல்லர். பந்தியைப் பிரித்தவர்கள் கொண்டுவந்தது அது!

சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பன மாணவருக்கு வேறிடத்தில் உணவு, ஏனையோருக்கு வேறிடத்தில் உணவு என்ற பிரிவினை 1920களின் நடுவிலே தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒரே குருகுலம், உட்காரும் இடம் இரண்டு. இரயில் நிலைய உணவுச் சாலைகளில் இருந்த தனி இடம், 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற உணவு விடுதியின் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்கள். மறு ஆண்டில் அச்சொல் அகன்றது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு 1950 முதல் கூறி வருகிறது.

பழங்கதை என்பீரோ? 2024 பிப்ரவரித் திங்களில், இதே தருமபுரி மாவட்டத்தில், கம்பைநல்லூர் வட்டாரத்தில் வயல் வேலைக்கு வந்த ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களுக்குத் தேநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். செய்தி வெளிவந்தது, வழக்குப் பதிவாயிற்று, கைதும் நடந்தது. எண்ணிப் பாருங்கள்: தேயிலை ஒன்று, பால் ஒன்று, கொதித்த அடுப்பு ஒன்று. நாக்கைக் கேட்டால் இரண்டும் ஒரே தேநீர் என்றுதான் சொல்லும். வேறுபாட்டைக் கண்டது எது? கண்! சாதி கற்றுக்கொடுத்த கண்!

அந்தச் சிரட்டையும் என் தாயின் தூக்குவாளியும் ஒன்றென்று நான் கூறவரவில்லை. அது தலைமுறை தலைமுறையாய்ச் சுமத்தப்பட்ட கொடுமை. இது ஒரு மகனின் அற்பத்தனம். ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: உணவைக் கொண்டு மனிதரை அளப்பது. சாதியை எதிர்த்து மேடையிலே பேசிய நான்தான், களியை மறைத்தேன். சிரட்டையை நீட்டிய கையைக் கண்டிக்கும் உரிமை எனக்கு உண்டு. என் கையைப் பார்த்துக்கொள்ளும் கடமை அதற்கு முன்பே உண்டு.

அப்படியாயின், விடுதிக்குச் சென்று சுவைத்தது குற்றமா? பசித்தோர் உள்ள நாட்டில் ருசித்து உண்பது பாவமா? அப்படி நான் கூறமாட்டேன். நாக்கை ஒடுக்கு, உடலை வாட்டு, மறுமையில் அமுதம் உண்டு என்று ஏமாற்றுவது பகுத்தறிவாளர் வேலையன்று. சுவை மனிதனுக்கு உரிய இன்பம். நல்ல உணவை நண்பரோடு கூடி உண்பதிலே இழுக்கில்லை. நாம் கேட்பது இன்பத்தை விடச் சொல்லியன்று. இன்பத்திலே அறிவும் கலந்திருக்கட்டும் என்றுதான். யார் விளைத்தது, யார் கிளறியது, யாருக்கு என்ன கிடைத்தது என்று அறியாத சுவை, கண்ணைக் கட்டிக்கொண்டு காணும் காட்சி.

"விடுதிகளில் மதிப்பு உயர்ந்தால் விளைவித்தவன் நிலையும் உயருமே" என்றார் வழக்கறிஞர் தோழர். உயர்ந்தால் மகிழ்வேன். கணக்குப் பார்ப்போம். 2024-25ஆம் ஆண்டுக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். கிலோ 43 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. எங்கள் தட்டிலிருந்த இரண்டு உருண்டைகளுக்கு 150 கிராம் மாவு என்று கொண்டால், 180 ரூபாயில் தானியத்தின் பங்கு 7 ரூபாயைத் தொடவில்லை. விடுதிக்காரருக்கு வாடகை உண்டு, ஆட்கூலி உண்டு, கீரையும் நெய்யும் எரிபொருளும் உண்டு. அவரைக் கொள்ளைக்காரர் என்று நான் சொல்லவில்லை. புகழ் முழுவதும் தட்டைச் சேர்ந்தது, வயலுக்குப் போனது 7 ரூபாய்கூட இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. விழாக்கள் நடந்தன, விருந்துகள் நடந்தன. அந்த ஆண்டிலேயே தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கியது. விருந்துகளைவிட அந்த 2 கிலோவை நான் பெரிதாக மதிக்கிறேன். விளைந்ததை வாங்க ஆள் வேண்டும். ஏழையின் அடுப்புக்கும் அது போய்ச்சேர வேண்டும். இரண்டும் கூடும் இடத்திலேதான் மதிப்பு சொல்லாக நில்லாமல் செயலாகிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். "கிராமத்து மக்கள் களியை விட்டு அரிசிக்குப் போய்க் கெட்டார்கள்" என்று அன்று எங்கள் மேசையிலே ஒரு குரல் எழுந்தது. எளிதாகச் சொல்லிவிடலாம்! நெல்லுச் சோறு பொங்கலுக்கும் விருந்துக்கும் மட்டுமே என்று காலமெல்லாம் வாழ்ந்தவர்கள் அதை நாள்தோறும் உண்ண விரும்பியது அறியாமையா? ரூபாய்க்குப் படி அரிசி என்ற முழக்கம் 1967இல் நாட்டை ஏன் கவர்ந்தது? வயிற்றுப் பசி ஒரு காரணம்; மானப் பசி மற்றொரு காரணம். "உனக்கும் வெள்ளைச் சோறு உண்டு" என்பது "நீயும் மனிதன்" என்று அவர்கள் காதில் விழுந்தது. அவர்கள் உணவை நாம் இழித்தோம். அவர்கள் அதைக் கைவிட்டார்கள். இப்போது கைவிட்டதற்காகவும் அவர்களையே குறை கூறுகிறோம். இதைவிடப் பெரிய அநீதி உண்டோ?

தருமபுரிக்குப் பழம்பெயர் தகடூர். இந்த மண்ணை ஆண்ட அதியமான், அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூறு பேசுகிறது. கனி உண்டால் நெடுநாள் வாழலாம் என்பது கதை. பகுத்தறிவு அதை ஏற்காது. ஆனால் முடிதரித்த ஒருவன் தன் வாய்க்குரியது என்று வைத்ததைப் பாடித்திரிந்த ஒரு பெண்ணின் கையிலே வைத்தான் என்பதிலே அறம் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் நினைவில் நிற்பது கனியின் சுவையா? கொடுத்தவன் கொடுத்த முறை! பெறுபவரை இழிவுபடுத்தாமல் கொடுத்தானே, அந்த முறை!

விடுதிக்குச் சென்ற மறு திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டேன்: "இன்று காலையில் என்ன உண்டீர்கள்?" இட்லி என்றான் ஒருவன், தோசை என்றாள் ஒருத்தி, பூரி என்று குரல் உயர்த்தினான் மற்றொருவன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு எனக்குப் புதிதன்று, அது என்னுடையது.

"நான் இன்று காலை களியும் கீரையும் தின்றேன்" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, கல்லூரிக் காலத்தில் ஓர் அன்னை கொண்டுவந்த தூக்குவாளியின் கதையைச் சொன்னேன். அந்த மகன் யார் என்பதையும் மறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியேறியபோது அந்தச் சிறுமி என் மேசை அருகே வந்து நின்றாள். "எங்கள் வீட்டிலும் களிதான், ஐயா" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் அதை உரக்கச் சொல்லும் நாள் வரவேண்டும். இளைஞர்களே, அந்த நாள் உணவு விடுதியின் பட்டியலிலிருந்து வராது. நம் வீட்டுத் திண்ணையிலும், பள்ளிப் பந்தியிலும், வயல் வரப்பிலே நீட்டும் தேநீர்க் குவளையிலும் தொடங்கவேண்டும். சுவையுங்கள், நன்றாகவே சுவையுங்கள். ஆனால், தட்டைப் புகழ்வதற்கு முன், அதே உணவை அதே வாயால் நேற்று என்னவென்று சொன்னோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

களி என்றும் இழியவில்லை, தோழர்களே. திருந்த வேண்டியது நம் கண்.