தைக்கு முன்னால் நடக்கவேண்டிய நடை

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் குதிரைகளுக்கு வேலை குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கார்த்திகை முடிய அடிக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சவாரி கேட்டு வர ஆள் இருக்காது. மார்கழியில் மழை ஓய்ந்தாலும் அது கல்யாண மாதம் இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் இழுக்கும் குதிரை அந்த மாதமும் முளையிலேயே நிற்கும். பிறகு தை பிறக்கிறது. முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. காணும் பொங்கலுக்குக் கடற்கரை நிறைகிறது. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் ஆற்றுத் திருவிழா. அடுத்த மாதமே மாசி மகம். கொள்ளிடத்துக்குத் தெற்கே திருக்கடையூரில் காணும் பொங்கல் என்றாலே ரேக்ளா பந்தயம்தான். அதில் மாடுகளோடு குதிரைகளும் ஓடுகின்றன.

இரண்டரை மாதம் கட்டிக் கிடந்த விலங்கு, ஒரே வாரத்தில் வருடத்தின் மிகக் கடுமையான வேலைக்குள் தள்ளப்படுகிறது. தள்ளுகிறவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவர் அந்தக் குதிரையைத் தன் பிள்ளைபோல வளர்ப்பவர். ஆனாலும் ஓய்விலிருந்து உழைப்புக்குத் திரும்பும் அந்த நாட்களில் காட்டும் அவசரம் எத்தனை அன்பையும் வீணாக்கிவிடும். உழைக்கும் உயிர் ஒன்றை வைத்திருப்பவர் முதலில் கற்கவேண்டிய ஒழுக்கம், அதன் உடலில் எது மெதுவாகத் தேறுகிறதோ அதன் வேகத்துக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வதுதான்.

குதிரையின் உடல் ஒரே சீராகத் தேறுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரப் பயிற்சியில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசை அதன் பின்னால் வரும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களும், மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களும், எலும்பும் மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் உறுதிப்படும். ஆகவே மூன்றாவது வாரத்தில் குதிரை துள்ளும், கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். பார்ப்பவருக்கு அது தேறிவிட்டது என்றே தோன்றும். அபாயம் இருப்பது அந்த நாளில்தான். மூச்சு தயார், கால் தயாராகவில்லை. குதிரைக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர்.

முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் தோலும் தசைநாண்களும்தான். உடல் எடையில் பாதிக்கும் மேல் அந்த இரண்டு கால்களில் இறங்குகிறது. நாலுகால் பாய்ச்சலில் பின்புறத் தசைநாண் அறுபடும் எல்லையை ஒட்டி நீள்கிறது. ஒருமுறை அதன் இழை கிழிந்தால், ஆறிய பிறகும் அந்த இடத்தில் இருப்பது தழும்புதான். பழைய நெகிழ்வு அதற்கு இருக்காது. பத்து வருடம் உழைத்திருக்கக்கூடிய குதிரை ஒரு பொங்கலுக்காக நொண்டியாவது இப்படித்தான்.

இந்தத் தவறு இந்தக் கரைக்குப் புதிதல்ல. சிதம்பரம் கோயிலுக்குப் பொன் வேய்ந்த சடையவர்ம சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்தது 1251-இல். அந்த நூற்றாண்டில் பாண்டியர்களுக்குக் குதிரை கடல்வழியாகப் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் வந்தது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இந்தப் பக்கம் இறங்கின என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அவர் அடுத்துச் சொல்வதுதான் என் மனத்தை உறுத்துகிறது. வந்த குதிரைக்கு வறுத்த தானியத்தில் நெய் கலந்து கொடுக்கிறார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்கத் தருகிறார்கள். கொழுக்கட்டும் என்று 40 நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டி வைக்கிறார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி வெறிகொண்டவர்கள் போல ஓட்டுகிறார்கள். மிக வலிமையான குதிரையும் கொஞ்ச நாளில் சோர்ந்து பயனற்றுப் போகிறது என்கிறார். அதே காலத்தில் பாண்டியரின் காயல் துறைமுகத்தைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கும் குதிரைகளில் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்றும் எழுதி வைத்தார்.

நெய்யும் பாலும் ஊற்றியவர்கள் குதிரையை வெறுத்தவர்கள் இல்லை. அரசனின் பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள் அதைக் கொல்ல நினைக்கவும் இல்லை. ஊட்டுவதே பராமரிப்பு என்று நம்பினார்கள், அவ்வளவுதான். மாணிக்கவாசகர் கதையிலும் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன பணம்தான் திருப்பெருந்துறைக் கோயிலாகிறது. கருவூலத்தையே அசைக்கும் அளவுக்கு விலையுள்ள விலங்காகக் குதிரை இருந்த நாட்டில், வாங்கிய பிறகு அதை எப்படி வேலைக்குக் கொண்டுவருவது என்ற அறிவுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

அந்த அறிவு கடினமானதும் இல்லை.

முதலில் தீனி. வேலை நின்ற அன்றே கொள்ளையும் தானியத்தையும் குறைக்கவேண்டும். புல்லும் வைக்கோலும் குறையக் கூடாது. வேலை கூடிய பிறகுதான் தானியம் கூடவேண்டும், முன்கூட்டி அல்ல. இதைத் தலைகீழாகச் செய்தால் வருவது கொடிய நோய். முழுத் தீனியில் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று வண்டியில் பூட்டினால் கொஞ்ச தூரத்திலேயே வியர்த்துக் கொட்டும், பின்தொடை கல்லாக இறுகும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. மேல்நாட்டு வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வுக்கு மறுநாள் காலை இது வந்தது. அப்போது அடித்து நடத்தக் கூடாது. நின்ற இடத்திலேயே நிறுத்தி, வண்டியை அவிழ்த்து, கால்நடை மருத்துவரை அங்கேயே வரவழைக்கவேண்டும். வீட்டுக்காவது ஓட்டிப் போய்விடலாம் என்று இழுத்துக்கொண்டு போவதில்தான் சில குதிரைகள் சாகின்றன.

அடுத்தது பல்லும் குளம்பும். கூராகிப்போன கடைவாய்ப்பல் கன்னத்தைக் கிழிக்கும். கடிவாளம் பட்டதும் குதிரை தலையை உதறும். முரட்டுக் குதிரை என்று சொல்லி அடிப்பார்கள். லாடம் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி மறுபடி அடிக்கவேண்டியது. இரண்டரை மாதம் அப்படியே விட்ட குளம்பின் முனை நீண்டு, அடியெடுக்கும்போதெல்லாம் தசைநாணை இழுத்துக்கொண்டிருக்கும். மழையில் ஈரத்தில் நின்றிருந்தால் உள்ளங்குளம்பு அழுகி நாறும். மெலிந்தோ பருத்தோ போன உடம்புக்குப் பழைய சேணம் பொருந்தாது, புண் போடும்.

பிறகுதான் நடை. முதல் இரண்டு மூன்று வாரம் நடை மட்டும், கட்டியான சமதரையில், ஆளோ வண்டியோ இல்லாமல், 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை. அடுத்து வெறும் வண்டி, இடையிடையே கொஞ்சம் ஓட்டநடை. பாரமும் நேரமும் ஒரே வாரத்தில் சேர்ந்து கூடக் கூடாது. பாய்ச்சல் கடைசியில். ஆறிலிருந்து எட்டு வாரம் இதற்கு வேண்டும், அதுவும் குதிரைக்கு அடிபட்டிருக்காவிட்டால். காலில் அடிபட்டு ஓய்ந்த குதிரைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். கடற்கரைக் குதிரைக்கு இன்னொரு சங்கடம். காலைப் புதைக்கும் காய்ந்த மணல் தசைநாணைப் பிடுங்கும். அலை வந்து போய்க் கெட்டித்த ஈர மணலில் தொடங்கினால் அந்தத் தொல்லை குறைவு.

தேறுகிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். காலையில், வேலைக்கு முன், முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்புறத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலிருந்து கணுக்கால் வரை மெல்லத் தடவிக்கொண்டு போகவேண்டும். பிறகு மற்றக் கால். நல்ல தசைநாண் இறுக்கிக் கட்டிய கயிறுபோல விளிம்பு தெரிய இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும். ஒரு காலில் மட்டும் சூடு, அல்லது விளிம்பு மழுங்கிய வீக்கம், அல்லது அழுத்தியதும் குதிரை காலை இழுப்பது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அன்று வேலை கிடையாது. நொண்டல் தெரிவதற்குப் பல நாள் முன்பே விரல் இதைச் சொல்லிவிடும். அதேபோலத் தாடை எலும்பின் அடியில் ஓடும் நாடி. ஓய்வில் நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை துடிக்கும். வேலை முடிந்து கால்மணி நேரம் நிழலில் நின்ற பிறகும் 60-க்கு மேலேயே நின்றால், அன்று கொடுத்த வேலை அதிகம். மறுநாள் குறைக்கவேண்டும். இந்தக் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. சில குதிரைகளுக்குப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். உழைத்த பிறகும் தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால், உடனே நிழலும் உடம்பெல்லாம் தண்ணீரும் வேண்டும்.

பட்டினி கிடந்த குதிரைக்கு இன்னும் பொறுமை வேண்டும். 2020 மார்ச்சில் கடற்கரைகள் மூடப்பட்டன. சென்னை மெரினா மக்களுக்குத் திறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 14-இல்தான். சவாரியை நம்பி வாழ்ந்த குதிரைகள் எலும்பெடுத்து நின்றதை அப்போது செய்திகளில் பார்த்தோம். அப்படிப்பட்ட குதிரையைக் கண்டதும் இரங்கி ஒரு கூடை தானியத்தை வைப்பவர், வஸ்ஸாஃப் சொன்ன லாயக்காரரின் தவறையே செய்கிறார். பட்டினி உடலில் மாவுச்சத்து திடீரென்று இறங்கினால் இரத்தத்தின் உப்புகள் சரிந்து, இதயம் சில நாளில் நின்றுவிடக்கூடும். குதிரை மசால் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணிக்கு ஒருமுறை கொடுத்து, பத்து நாளில் மெல்ல முழு அளவுக்குக் கொண்டுபோகவேண்டும். முதுகில் ஆள் ஏறுவது அதற்குப் பல மாதம் கழித்து.

சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நோயாலோ புண்ணாலோ வயதாலோ வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. இழுவை விலங்குகளுக்கான 1965 விதிகள் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12-லிருந்து 3 வரை பூட்டவே கூடாது. நல்ல விதிகள். ஆனால் மேலுக்கு வழவழவென்று இருந்து, உள்ளே கால் உறுதிப்படாத குதிரையைக் காவலரோ அதிகாரியோ கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் சட்டம் முடிந்து மனசாட்சி தொடங்குகிறது.

மனசாட்சியைக் குதிரைக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. மழைக்காலத்தில் வருமானம் இல்லை, தீனிச் செலவு மட்டும் நிற்பதில்லை. கடன் வாங்கித் தீனி போட்டவரிடம் தையில் வரும் முதல் சவாரியை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் சொல்வதெல்லாம், மழை விட்ட நேரத்தில் கையில் பிடித்துத் தினம் அரைமணி நடத்திவிடுங்கள் என்பதுதான். தூறலில் குதிரை கரைந்துபோகாது. லாடம் வழுக்கும் சிமெண்டுச் சாலையை விட்டு மண்தடத்தில் போனால் போதும். கார்த்திகை நடுவில் தொடங்கினால் தைக்குள் ஆறு வாரம் கிடைத்துவிடுகிறது.

மிச்சப் பொறுப்பு கூலி கொடுப்பவர்களுடையது. கடற்கரையில் பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றுமுன் அது நாலுகாலும் சமமாக ஊன்றி நிற்கிறதா, சேணத்தின் ஓரத்தில் முடி உதிர்ந்து சிவந்திருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கலாம். பந்தயம் நடத்தும் விழாக்குழுவினர் பெயர் பதியும்போதே பயிற்சி எப்போது தொடங்கியது என்று கேட்டு, ஓடவிடுவதற்கு முன் மருத்துவர் ஒருவரைக் கால் தடவிப் பார்க்கச் சொல்லலாம். தை முகூர்த்தத்துக்குச் சாரட் பேசும் வீட்டார் வாடகையோடு இன்னொன்றும் கேட்கலாம், குதிரை கடைசியாக எப்போது வண்டி இழுத்தது என்று. ஐப்பசியில் என்று பதில் வந்தால் பேச்சை முறிக்கவேண்டியதில்லை. தை முகூர்த்தம் பெரும்பாலும் கார்த்திகையிலேயே நிச்சயமாகிவிடுகிறது. முன்பணத்தை அப்போதே கொடுத்து, இன்றிலிருந்து நடத்தத் தொடங்குங்கள் என்று சொன்னால், மார்கழித் தீனிக்கு அந்தப் பணமே ஆகும். ஊர்வலத்தையும் நாலு வீதி சுற்றாமல் கோயிலிலிருந்து மண்டபம் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.